பூட்டிய போனுக்கு வாடகை

1983 ஆகஸ்ட் 9, செவ்வாய்.

டெலிபோன் வாடகையை மறுபடியும் ஏற்றிவிட்டார்கள். டயலுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டியிருக்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து ஒரு போன் கால்கூடப் போவதில்லை, வருவது மட்டும்தான். பிறகு எதற்கு இந்த ஏற்றம் என்று கேட்கத்தான் இன்று டெலிபோன் ஆபீசுக்குப் போனேன்.

குமாஸ்தா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "பேசுனாலும் பேசாட்டியும் வாடகை வாடகைதானுங்க."

"உழாத ஏருக்கு எவனய்யா கூலி கேப்பான்?" என்றேன்.

"வேண்டாம்னா எழுதிக் குடுத்துருங்க. லைனுக்கு ஊரே காத்துக் கெடக்குது."

உட்கார ஒரு நாற்காலி கிடைத்துவிட்டால் நாட்டையே ஆள்வதாக நினைப்பு.

வீட்டுக்கு வந்ததும், போனைத் திருப்பிக் கொடுக்கப் போவதாக மனைவியிடம் சொன்னேன். முறத்தை விட்டுக் கண்ணை எடுக்காமலே அவள் பதில் சொன்னாள்.

"குடுத்துருங்க. எதுத்த ஊட்டு உங்க பங்காளிதான் லைனுக்கு எழுதிப் போட்டுக் காத்திருக்காரு. மேட்டூர்ல நம்ம புள்ளைக்கு இது பேறுகால மாசமுங்க. மாப்ள உங்க பங்காளி ஊட்டுக்கே போன் பண்ணட்டும். பேரன் பொறந்த சேதிய அவரே வந்து உங்ககிட்டச் சொல்லட்டும்."

வரப்பை வெட்டி வெட்டியே என் காட்டைத் தின்றவன் அவன். அந்த வாயிலிருந்தா என் பேரன் சேதி வர வேண்டும்?

நாளை காலை வாடகையைக் கட்டிவிடுவேன். குமாஸ்தா இளிப்பான், இளிக்கட்டும். பூட்டை மட்டும் எடுக்க மாட்டேன். நானாக ஒருவனைக் கூப்பிட்டு இவர்களுக்குக் கூடுதலாக ஒரு காசு தருவதாக இல்லை.

கட்டிலைப் போனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாயிற்று. மணி அடித்தால் முதலில் எடுப்பது நானாகத்தான் இருக்க வேண்டும்.