கெட்டிமேளமும் ஐம்பத்திரண்டு எக்ஸும்

2004 மே 21
எனக்கும் சத்யப்ரியாவுக்கும் கல்யாணம், இன்னும் ஒன்பது நாள். முகூர்த்த நாளென்று மேளக்காரர் ஒருவரும் கிடைக்கவில்லை. சத்யப்ரியாவின் அப்பா ஜெயபாண்டி மாமா பதினெட்டு மேள சிடிகளை ஆரப்பாளையத்தில் என் கம்ப்யூட்டர் கடை மேஜையில் கொட்டினார். எல்லாவற்றையும் எம்பி3 ஆக்கி ஒரே சிடியில் போட வேண்டுமாம்.

டிரைவில் 52X என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டார். பஸ் ஓட்டி ரிட்டயரானவர். சாயங்காலமே முடிந்துவிடும் என்று முடிவுகட்டிவிட்டார்.

மே 22
ஒரு சிடிக்கு இருபத்தைந்து நிமிடம். 52 என்பது அதிகபட்ச வேகம், பாட்டை உருவும்போது அதில் பாதிகூட வராது, எம்பி3 ஆக்க என் பழைய செலரான் கம்ப்யூட்டர் தனியாக மூச்சு வாங்கும் என்று விளக்கினேன். "ரோடு சரியில்லைங்கிறீக" என்றார். ஆமாம் மாமா, கீறல் இருந்தால் டிரைவ் அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கும் என்றேன்.

ஏன் சொன்னேன்?

மே 24
மீதி பதினோரு சிடியை வீட்டுக்குக் கொண்டுபோய், திருப்பரங்குன்றத்து விபூதி போட்டு, குத்துவிளக்கு தேய்ப்பதுபோல் வட்ட வட்டமாகத் தேய்த்துக் கொண்டுவந்திருக்கிறார். பளபளவென்று இருக்கிறது. அத்தனையும் கீறல்.

மே 25
ஒரு பாட்டு — இரண்டு மணி நேரம். ஸ்கிரீனில் வேகம் 0.1X. மாமா எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

மே 27
"என் மச்சான் முத்திருளன் மகன் டிராக்டர் வச்சிருக்கான் மாப்ள. ஒரே இழுப்பு." சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவன் சத்யாவுக்கு முறை மாப்பிள்ளை. பெண்ணை அங்கே கொடுத்துவிடுவாரோ? அவ இல்லாம நான் என்ன பண்ணப் போறேன்?

சத்யாவுக்குப் போன் போட்டேன். வேகமாக எடுக்க வழியே இல்லையா என்றாள். இருக்கிறது. கீறலைத் திரும்பத் திரும்பப் படிக்கிற பிழைதிருத்தத்தை நிறுத்தினால் பறக்கும். ஆனால் கீறல் உள்ள இடத்தில் பாட்டு சிக்கும்.

"அமத்துங்க" என்றாள்.

மே 28
அமத்தினேன். எட்டு நிமிடத்துக்கு ஒரு சிடி. டாப் கியர் விழுந்துவிட்டது என்று மாமா டீ வாங்கிக் கொடுத்தார். போட்டுக் கேட்டுப் பார்க்க நேரமில்லை.

மே 30
தாலி கட்டும்போது சரியாகக் கெட்டிமேளம் சிக்கியது. டும்டும்டும் — அதே ஒரு நொடி, திரும்பத் திரும்ப. முதல் முடிச்சு நான் போட்டேன். மீதி இரண்டும் என் தங்கை சோலையம்மாள் போட வேண்டியது. மேளம் நிற்கும்வரை கட்ட வேண்டும் என்று நினைத்து அவள் போட்டுக்கொண்டே இருந்தாள். அட்சதை தீர்ந்து, கூட்டம் சும்மா கையை ஆட்டியது.

கடைசியில் சத்யாதான், குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்: "அமத்துங்க."

ஜூன் 2
பதினாலு முடிச்சு. எண்ணிவிட்டோம், அவிழ்க்க முடியவில்லை. மாமா கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "எம் மருமகனாட்டம் இம்புட்டுக் கெட்டியா எவன் கட்டியிருக்கான்?"