உங்கள் கட்டில் வரை எட்டாத போன்

அப்பா,

இன்று காலை என் ஓவர்லாக் மிஷினில் ஊசி உடைந்தது. குழந்தைகள் போடும் கால்சட்டை தைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் கம்பெனியில் ஊசி உடைந்தால் உடனே புது ஊசி தரமாட்டார்கள். உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் பொறுக்கி, அதற்கென்று இருக்கும் நோட்டில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். ஒரு முழு ஊசி சேர்ந்துவிட்டது என்று சூப்பர்வைசர் பார்த்த பிறகுதான் புதியது. துணிக்குள் ஒரு துண்டு தங்கிவிட்டால், எங்கோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு குழந்தையின் தொடையில் குத்தும் என்பதற்காக இந்த ஏற்பாடு.

இன்று முனைத் துண்டு மட்டும் கிடைக்கவில்லை. லைனில் எனக்குப் பின்னால் இருந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஏனம்மிணி, முழுங்கிட்டியா?" என்றார் சூப்பர்வைசர் அண்ணன்.

"இல்லீங்ண்ணா."

"அப்பறம் எங்க போகும்? தேடு, தேடு. முழுசும் வந்தாத்தான் புதுசு."

காந்தத்தை வைத்துக்கொண்டு மிஷினுக்கு அடியில் முட்டி போட்டுத் தேடினேன். பஞ்சுத் தூசியும் நூல் துணுக்குகளும்தான் கையில் வந்தன. அப்போது என் வாய் தானாக ஒரு வார்த்தையைச் சொன்னது. தமிழ் வார்த்தை இல்லை. உங்களிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்த கடைசி வார்த்தை அது.

எனக்கு அலுப்பாக இருக்கிறது அப்பா. உடம்பு அலுப்பு தூங்கினால் போய்விடும். இது அப்படிப்பட்டது இல்லை. இரண்டு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை இன்று எழுதிவிடுகிறேன்.

நீங்கள் கடைசியாக லீவில் வந்தபோது நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். அருள்புரத்தில் இதே ஒற்றை அறை வீடுதான். வளைகுடாவில் நீங்கள் வேலை பார்த்த மெஸ்ஸில் சமையல்காரர்கள் எல்லோரும் பிலிப்பைன்ஸ்காரர்கள். ஐந்து வருடம் அவர்களோடு ஒரே அடுப்பில் நின்றதில் உங்களுக்கு இங்கிலீஷ் வரவில்லை, அவர்களுடைய தகாலோக் மொழி வந்துவிட்டது. வந்த அன்றைக்கே அம்மாவைப் பார்த்து, "குமாயின் க ந?" என்றீர்கள்.

"என்னங்க, வைதீகளா?" என்று அம்மா கேட்டாள்.

"சாப்ட்டியான்னு கேட்டேன் தாயி. அவனுவளும் ஆளப் பாத்தவொடன இதத்தான் கேப்பானுவ, நம்மள மாதிரியே. இங்கிலீஷ்காரன்தான் எப்டி இருக்கேன்னு கேட்டுட்டு, பதிலக் கேக்காமப் போவான்."

அந்த லீவு முழுக்க வீட்டில் அதுதான் விளையாட்டு. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் நீங்கள் கேட்பீர்கள். "ஓபோ" என்று நான் சொல்ல வேண்டும். ஓபோ என்றால் ஆமாங்க. கிளம்புகிற அன்று பஸ் ஏறும் முன் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தீர்கள். பேனா மை இருந்தது. "இந்த ஊர்ல பொம்பளப்புள்ள கையில இருந்து பேனாவப் புடுங்கிட்டு ஊசியக் குடுத்துருவானுவ. நீ குடுத்துறாத," என்றீர்கள். நான் அதற்கும் ஓபோ என்றேன்.

அடுத்த வருடம் நீங்கள் அங்கே மெஸ் கிடங்கில் ஏணியிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் இருக்கும் செய்தி வந்தது. பத்தாம் வகுப்புப் புத்தகங்களுக்கு அப்போதுதான் அட்டை போட்டு முடித்திருந்தேன். அந்த மாதமே கம்பெனியில் சேர்ந்தேன். முதல் சில நாள் நூல் வெட்டுகிற வேலை, பிறகு மிஷின். அம்மா என்னைப் போகச் சொல்லவும் இல்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "அவுகளுக்குத் தெரிய வேண்டாம்ட்டி."

ஆஸ்பத்திரி போன் நர்ஸ் மேசையில் இருந்தது. அதன் வயர் உங்கள் கட்டில் வரை எட்டாது. அதனால் உங்கள் குரலை நாங்கள் கேட்க முடியவில்லை, எங்கள் குரலை நீங்களும் கேட்க முடியவில்லை. கம்பெனி கேட்டுக்கு எதிரே இருந்த பூத்திலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடுவோம். முதல் நாள் நர்ஸ் படபடவென்று இங்கிலீஷில் கேட்டதும், எனக்குத் தெரிந்த "ஹவ் ஆர் யூ, ஐ ஆம் ஃபைன்" கூட மறந்து, போனை வைத்துவிட்டேன்.

"ஒம்பதாங்கிளாஸ் வர படிச்சவ இப்டியா போன வைப்ப?" என்றாள் அம்மா. "மலையாளத்துப் பொண்ணு ஒருத்தியுமா அங்க இல்ல?"

பூத்துக்காரர் ரொம்ப நல்லவர். "ஏனுங்க, புள்ளய வையாதீங்க. நாளைக்குப் பேசட்டும். எழுதி வெச்சுட்டுப் பேசு கண்ணு," என்றார்.

இரண்டாம் நாள் இன்னும் மோசம். நான் வாயைத் திறக்காமல் நிற்க, நர்ஸ் அலுத்துப்போய் பக்கத்தில் இருந்த யாரிடமோ பேசினாள். அந்தப் பேச்சில் "குமாயின்" என்று ஒரு வார்த்தை கேட்டது. நம் வீட்டு விளையாட்டு வார்த்தை. இவள் உங்கள் சமையல்காரர்கள் ஊர்க்காரி. இவளிடம் சொன்னால், உங்களுக்குத் தெரிந்த மொழியில் உங்களிடம் சொல்லுவாள்.

எங்கள் கம்பெனியில் அப்போது தையல் பழக்கிக் கொடுக்க ஒரு பிலிப்பைன்ஸ் மேடம் வந்திருந்தார். ஃப்ளோரில் எல்லோருக்கும் அவர் சைனா மேடம். "நோ சைனா! நோ சைனா!" என்று அவரும் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போயிருந்தார். நான் யாரிடமும் போய்ப் பேசுகிறவள் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். ஒரு வாரம் அவர் பின்னாலேயே நடந்தேன், கேட்கவில்லை. எட்டாம் நாள் அவரே திரும்பி, "வாட்?" என்றார். கையிலிருந்த நோட்டை நீட்டினேன். இடது பக்கம் இங்கிலீஷில் பத்துக் கேள்விகள். பள்ளிக்கூட அகராதியைப் பார்த்து எழுதியவை. வலது பக்கம் காலி.

அவர் முதல் கேள்வியில் விரலை வைத்தார். "ஹாஸ்பிட்டல் போன். யுவர் ஃபாதர் சிக். ஃபர்ஸ்ட் கொஸ்டின், நர்ஸ் சாப்பாடு?"

"எங்கூர்ல அப்டித்தான் மேடம். சாப்டீங்களான்னு கேக்காம எதையும் கேக்கக் கூடாது."

இங்கே இருந்ததில் அவருக்கு அந்த அளவு தமிழ் புரியும். "மை ப்ளேஸ் ஆல்சோ," என்றார். பிறகு ஒவ்வொன்றாகத் தகாலோக்கில் சொன்னார். நான் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். பெரியவர்களிடம் பேசும்போது இடையிடையே "போ" சேர்க்க வேண்டுமாம். இங்கே எல்லோரும் எல்லாவற்றோடும் "ங்க" போடுகிறார்களே, அது மாதிரி.

மறுநாள் நோட்டைப் பார்த்து வாசித்தேன். "குமாயின் ந போ பா காயோ?"

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது, சிரிப்பு மாதிரி. "ஹிந்தி பா," என்றாள். இன்னும் இல்லை என்று அர்த்தம். மேடம் அதையும் எழுதிக் கொடுத்திருந்தார்.

அதற்குப் பிறகு அவள் என்னை விரட்டவே இல்லை. நான் வாசிப்பேன், போனை மேசையில் வைத்துவிட்டு உங்கள் கட்டிலுக்கு நடந்து போவாள், செருப்புச் சத்தம் கேட்கும், திரும்பி வந்து நீங்கள் சொன்னதைச் சொல்லுவாள். நான் அதைக் காதில் விழுந்தபடியே எழுதிக்கொண்டு மேடத்திடம் ஓடுவேன். முதல் நாள் வந்தது "லுகாவ்". லுகாவ் என்றால் கஞ்சி. நீங்கள் கஞ்சி குடித்தீர்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு பகல் ஆனது. சாயங்காலம் அம்மாவிடம் சொன்னபோது, "உப்புப் போட்டிருப்பாளுகளா?" என்று கேட்டு அழுதாள்.

இப்படி இருபது நாள் போயிருக்கும். ஒரு நாள் நீங்கள் என்னைக் கேள்வி கேட்டு அனுப்பினீர்கள். "நாக் ஆராள் க பா ராவ் பா?" என்றாள் நர்ஸ். எனக்கு மேடம் தேவைப்படவில்லை. படிப்பு என்ற வார்த்தை என் நோட்டில் இருந்தது. நீ இன்னும் படிக்கிறாயா என்று அப்பா கேட்கிறார்.

"ஓபோ," என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா அப்பா. நீங்கள் என் முகத்தைப் பார்த்துத் தமிழில் கேட்டிருந்தால் அந்தப் பொய் வந்திருக்காது. அந்த மொழியில் நான் யாராகவும் இல்லை. பள்ளிக்கூடம் போகிற பெண்ணாகவும் இருக்க முடிந்தது. பக்கத்தில் அம்மா, "என்னட்டி கேட்டாக?" என்றாள். "ஒண்ணுமில்ல, சொகமான்னு," என்றேன். ஒரே நிமிடத்தில் இரண்டு மொழியில் இரண்டு பொய்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை நர்ஸ் ஒரு நீளமான வாக்கியம் சொன்னாள். இரண்டு தடவை சொல்ல வைத்து எழுதினேன். "மாக் ஈங்கத் கா ராவ் ஸ கராயோம்." புரியாமலேயே அதற்கும் ஓபோ சொல்லிவிட்டு வைத்தேன். மேடம் பல்லடம் ரோட்டில் இருந்த இன்னொரு யூனிட்டுக்குப் போயிருந்தார். செவ்வாய்க்கிழமைதான் வந்தார். அந்த இரண்டு நாளும் அம்மா போன் பேச வரவில்லை, அவளுக்குக் காய்ச்சல். நான் தனியாகப் போனேன். நீங்கள் தூங்குகிறீர்கள் என்று மட்டும் சொன்னாள் நர்ஸ். வாக்கியம் நோட்டிலேயே கிடந்தது.

மேடம் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு என் மிஷினில் ஓடாமல் நின்றிருந்த ஊசியைத் தொட்டுக் காட்டினார். "கராயோம்." என் ஆட்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டார். "ஃபாதர் சே, ஊசி, கேர்ஃபுல்."

ஊசி ஜாக்கிரதை என்று அப்பா சொன்னாராம்.

உங்களுக்கு எப்படித் தெரிந்தது? நான் ஓபோ சொன்ன வேகத்திலா? தினமும் ஒரே நேரத்துக்கு வருகிற போனை யோசித்தீர்களா? பூத்துக்கு வெளியே ஓடும் கம்பெனி ஜெனரேட்டர் சத்தத்தை நர்ஸ் சொன்னாளா? தெரியவில்லை. கோபமாகச் சொன்னீர்களா, சிரித்துக்கொண்டே சொன்னீர்களா என்பதும் தெரியாது. அது மட்டும் மொழி மாறி வரும்போது எங்கோ விழுந்துவிட்டது.

நான் பாத்ரூமில் போய் நின்றேன். சூப்பர்வைசர் அண்ணன் வெளியிலிருந்து, "அம்மிணி, லைன் நிக்குது சாமி, வெரசா வா," என்று கத்தினார். திரும்பி வந்து மேடத்திடம் இரண்டு வாக்கியம் எழுதி வாங்கினேன். நான் படிப்பை நிறுத்திவிட்டேன் அப்பா. கோபப்படாதீர்கள். மேடம் எழுதிவிட்டு என் தலையில் கை வைத்தார்.

மறுநாள் ஒரு மணிக்கு மணி அடித்ததும் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே ஓடினேன். வழக்கமாக நான்தான் முதலில் கேட்பேன். அன்று நர்ஸ் என்னை முந்திக்கொண்டாள்.

"குமாயின் க ந?"

அவ்வளவுதான் அப்பா. எனக்குத் தெரிந்துவிட்டது. நம் ஊரிலும் சாவுச் செய்தி சொல்ல வருகிறவர்கள் வாசலில் நின்று அதைத்தான் முதலில் கேட்பார்கள். சாப்பிட்டாச்சா என்று. இல்லை என்றால் முதலில் ஒரு வாய் சாப்பிடு என்பார்கள். அவளும் அதையே சொன்னாள், இங்கிலீஷில், மெதுவாக. "ஈட் ஃபர்ஸ்ட். தென் ஐ டெல்."

நான் சாப்பிடப் போகவில்லை. நோட்டை விரித்தேன். "ஹுமிந்தோ ந போ அகோ ஸ பாக் ஆராள், தாத்தாய். ஹுவாக் போ காயோங் மகாலித்." கேட்க நீங்கள் இல்லை என்று தெரிந்தும் முழுவதும் வாசித்தேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். "சாசாபிஹின் கோ," என்றாள். போன் மேசையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. பிறகு செருப்புச் சத்தம், எப்போதும் போல உங்கள் கட்டில் இருந்த பக்கமாக.

அந்த வார்த்தைக்கு அர்த்தம் பிறகு மேடத்திடம் கேட்டேன். சொல்லிவிடுகிறேன் என்று அர்த்தமாம்.

அவள் திரும்பி வந்து, மெதுவாகப் போனை வைத்தாள். பூத்துக்காரர் கண்ணாடிக் கதவைத் திறந்து, "என்ன கண்ணு?" என்றார். அவரிடம்தான் முதலில் தமிழில் சொன்னேன்.

நீங்கள் பெட்டியில் வந்தீர்கள். மேடம் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டார். பூத் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிறது. நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. அதை எடுத்துப் பார்க்கிற தெம்பு பல நாள் இருப்பதில்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ கால்சட்டை, ஒவ்வொன்றிலும் இரண்டு கால்கள். வீட்டுக்கு வந்தால் அம்மா சாப்ட்டியா என்பாள். சாப்பிட்டேன் என்பேன்.

இன்று கடைசியில் அந்த முனைத் துண்டு என் சுடிதார் மடிப்பில் இருந்தது. ஊசி நோட்டில் ஒட்டினேன். மூன்று துண்டும் சேர்ந்து ஒரு முழு ஊசி. சூப்பர்வைசர் அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் புதியதைக் கொடுத்தார். "பாத்துப் போடு அம்மிணி. கை பத்தரம்," என்றார்.

"ஓபோ," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. "ஏனம்மிணி?" என்றார்.

"ஆமாங்ண்ணா," என்று சொல்லிவிட்டு ஊசியை மாட்டினேன்.