கடைசி யார் என்று கேளுங்கள்

மாண்புமிகு சுற்றுலாப் பயணியான அப்பாவுக்கு,

எங்களை விட்டுக் குடியேறிய மாட்ரிட்டிலிருந்து மலிவுச் சுற்றுலாவில் ஹவானாவுக்கு வந்து, நம் வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே அறை எடுத்திருந்தீர்கள். வீட்டுக்கு வந்திருந்தால் அம்மா காபி போட்டிருக்க வேண்டும். சர்க்கரையை மிச்சம் பிடித்துக் கொடுத்ததற்கு நன்றி.

ஐஸ்கிரீம் பூங்காவில்தான் உங்களைப் பிடித்தேன். கொளுத்தும் வெயிலில் யாரோ ஒருவன் முதுகுக்குப் பின்னால் வரிசை என்று நினைத்து நின்றீர்கள். மரநிழலில் உட்கார்ந்திருந்த கூட்டம் சிரித்தது. "ஏம்ப்பா, அவன் காதலிக்காக நிக்கிறான். நீயும் அவளுக்காகவா?" என்றாள் ஒருத்தி. இந்த ஊர் வரிசையில் யாரும் நிற்பதில்லை; வந்ததும் "கடைசி யாரு?" என்று கேட்டு, கை தூக்குகிறவரை நினைவில் வைத்துக்கொண்டு நிழலுக்குப் போக வேண்டும். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவரே நீங்கள்தான்.

வழக்கமான குறும்போடு, "சார், குறைஞ்ச செலவுல ஊரைச் சுத்திக் காட்டவா?" என்றேன். சிரித்துக்கொண்டே காதைத் திருகுவீர்கள் என்று காத்திருந்தேன்.

உங்கள் கையைப் பிடித்திருந்த குட்டி மகள் ஐத்தானா, "யாருப்பா இது?" என்றாள்.

"தெரியலைம்மா. உள்ளூர்ப் பையன்."

சரி என்று காட்டினேன். கடலோரச் சுவர், காசில்லாமல் ரும்பா ஆட்டம் பார்க்கிற முற்றம், நீங்கள் அம்மாவை முதலில் பார்த்த படிக்கட்டு. அங்கே மட்டும் நீங்கள் படம் எடுக்கவில்லை.

ஐத்தானா நல்ல பிள்ளை. வழியெல்லாம் என் கையை விடவில்லை. நான் யாரென்று அவளிடம் சொல்லவில்லை.

மறுபடி வந்தால் வெயிலில் நிற்காதீர்கள். "கடைசி யாரு?" என்று கேளுங்கள். நான் கை தூக்குகிறேன்.

இப்படிக்கு,
உள்ளூர்ப் பையன்