அக்கா தந்ததும் ஊட்டியதும்

செப்டம்பர் 18
மாற்றுச் சிறுநீரகத்துக்கு இன்று ஏழு மாதம். ரத்தத்தில் கிரியேட்டினின் 1.1, ஏறாமல் நிற்கிறது; ஏறினால்தான் ஆபத்து. பள்ளியில் நான்கு வகுப்புகளையும் நின்றபடியே எடுத்தேன். தந்தவள் மியோங்ஹீ அக்கா. அவளைப் போலவே அதுவும் ஓயாத உழைப்பாளி.

செப்டம்பர் 30
சூசோக் அறுவடைப் பண்டிகைக்கு அக்கா வந்தாள். கையில் சிவப்பு ஜின்செங் வேர்ச் சாறு, ஒரு பெட்டி நிறையச் சின்னச் சின்னப் பைகள்.
"எதிர்ப்புச் சக்தி ஏறும்டி. மாஸ்க்கைப் போட்டுக்கிட்டு நோஞ்சான் கோழி மாதிரி நிக்கிறே!"
"கண்டதையும் குடிக்காதேன்னு டாக்டர் சொல்லியிருக்காருக்கா."
"கண்டதா? வயித்தைக் கிழிச்சுக் குடுத்தவ விஷத்தையா குடுப்பேன்?"
குடித்தேன்.

அக்டோபர் 9
தினமும் ஒரு பை. குடித்தேனா என்று காலையில் போன் வேறு. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

அக்டோபர் 27
1.9.

அக்டோபர் 28
திசுவை எடுத்துப் பார்த்துவிட்டார்கள். என் உடம்பு அக்காவின் சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கிவிட்டது. "ரத்தத்துல மருந்து பாதியா இறங்கியிருக்கு. புதுசா என்ன சாப்பிட்டீங்க?" என்றார் டாக்டர் பாங். சொன்னேன்.
"அதுதான்னு அடிச்சுச் சொல்லமாட்டேன். ஆனா சந்தேகம் அதுமேலதான். அக்கா குடுத்த சிறுநீரகம்னு உங்க எதிர்ப்புச் சக்திக்குத் தெரியாதும்மா, அதுக்கு அது அந்நியன். அந்தச் சக்தியை அடக்கி வைக்கத்தான் இத்தனை மாத்திரையும்."
எனக்குத் தெரியாதா? மருத்துவமனைக் கையேட்டிலேயே இருந்ததே. அக்கா முகம் வாடக் கூடாது என்று அக்கா தந்ததையே பணயம் வைத்தேனா? என்ன படிச்சு என்ன— முட்டாள்.

அக்டோபர் 30
நரம்பு வழியாக ஸ்டீராய்டு, இன்று மூன்றாவது நாள். அக்கா அழுதுகொண்டே வந்து கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள்.
"நானே குடுத்து நானே கெடுத்துட்டேனேடி!"
"குடிச்சது நான்தானே. வேணாம்னு சொல்ல எனக்கு வாய் இல்லையா?"
"அப்ப இனிமே சொல்லு. எங்கிட்டயும் சொல்லு."
"சரி. மொதல்ல கட்டிலை விட்டு இறங்கு, நர்ஸ் முறைக்கிறாங்க."
மூக்கைச் சிந்தியபடியே சிரித்துவிட்டாள். மீட்டுவிடுவோம் என்றுதான் தோன்றுகிறது.

நவம்பர் 12
1.4. இறங்குகிறது!

பிப்ரவரி 6
1.2. மார்ச்சில் தொடங்கும் கல்வியாண்டுக்கு வகுப்புகளைப் பிரித்தார்கள். "யூக்யோங் டீச்சர், உங்களுக்குக் கடைசி வருஷப் பிள்ளைங்களைத் தரட்டுமா? ஒரே வருஷம்தான், சிரமம் இல்லை" என்று தலைமையாசிரியர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.
முதலாண்டுப் பிள்ளைகளைக் கேட்டு வாங்கினேன். அவர்கள் பள்ளி முடிக்கும்வரை, மூன்று ஆண்டும், நானே வகுப்பாசிரியை.