கழுத்துக்கு மேலே

அன்புள்ள ஷஹர்பானுவுக்கு,

ஸலாம். உன் முட்டிவலி எப்படி இருக்குது? அம்மா மாத்திரையை ஒழுங்கா போட்டுக்கறாங்களா? நான் இங்க மலேசியாவுல, கிள்ளான்ல நல்லாத்தான் இருக்கேன். தொப்பைகூட என்னை விட்டுப் போகல. போன்ல சொன்னா நீ சிரிச்சே முடிச்சிடுவே, அதான் எழுதறேன்.

நாற்பத்தேழு வயசுல புதுசா கேமரா தூக்கினவனை நம்பி, ஸ்டுடியோ முதலாளி பரமசிவம் போன வாரம் ஒரு கல்யாணத்துக்குத் தனியா அனுப்பினார். பொண்ணு நம்ம காஞ்சிபுரம் பட்டு கட்டியிருந்தா. இருபது வருஷம் புடவை வித்த கண்ணு சும்மா இருக்குமா? பார்டரை உடம்போட சேர்த்து நெய்த கோர்வையில இருந்து முந்தானை ஜரிகை வரைக்கும் கேமராவுல அள்ளிட்டேன்.

படங்களைப் பார்த்த முதலாளி, "என்னா பாய், புடவைக்கா கல்யாணம்? பொண்ணு மூஞ்சி எங்க?"ன்னார். தாலி கட்டற படத்துலகூட பொண்ணுக்குப் பாதித் தலைதான் இருந்துச்சு. பொண்ணோட அம்மா போட்ட சத்தம் உனக்கே கேட்டிருக்கும்.

வேலை போகல, பயப்படாதே. ஞாயித்துக்கிழமை இன்னொரு கல்யாணம் இருக்குது. அதுலயும் மூஞ்சி வரலைன்னா ஊருக்கு டிக்கெட் போட்டுடுவார். இருப்பே கொள்ளாம, வர்றவன் போறவனையெல்லாம் எடுத்துப் பழகிக்கினு இருக்கேன்.

உன் மூஞ்சியைப் பார்க்கலாம்னு போன்ல தேடினேன். வாடிக்கைக்காரங்களுக்கு அனுப்ப உனக்குப் புடவை கட்டி எடுத்த படம் முன்னூறு இருக்குது. எல்லாமே கழுத்துக்குக் கீழ.

நம்ம பையன் ஆசிக்கை ஜன்னல் வெளிச்சத்துல ஒண்ணு எடுக்கச் சொல்லி உடனே அனுப்புமா. புடவை எதுவா இருந்தாலும் சரி, நான் அதைப் பார்க்கப் போறதில்ல.

முதலாளி கூப்பிடறார்.

உன்
நசீருதீன்