வெந்நீரில் ஊறிய ராக்கெட் உறைகள்

என் பிரியமுள்ள அப்பாவுக்கு,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். போனவர்களிடம் கோபப்படக் கூடாது என்பார்கள். வேறு யாரிடம் போய் இதைச் சொல்வேன்?

தம்பி புது ஃப்ளாட் வாங்கியிருக்கிறான். பால்காய்ச்சுக்குப் போயிருந்தேன். ஹால் சுவரில் பெரிய கண்ணாடிச் சட்டம். நீங்கள் சேர்த்த விண்வெளித் தபால்தலைகளை அதற்குள் ராக்கெட் வடிவத்தில் ஒட்டியிருக்கிறான். வெறும் தபால்தலைகள். உறைகளைக் காணோம்.

"வெந்நீர்ல ஊறப்போட்டு ஒவ்வொண்ணா உரிச்சேன்க்கா. ஒண்ணுகூடக் கிழியல்ல," என்றான் பெருமையாக.

"கவரு எங்கலே?"

"அது பழசுல்லா. பிளாஸ்டிக் எடுக்க வாற சேச்சிமார்ட்ட குடுத்தாச்சு."

நீங்கள் வேலை செய்த ராக்கெட் கிளம்பும் நாளில் நீங்கள் ஊரில் இருக்க மாட்டீர்கள், ஏவுதளத்தில் இருப்பீர்கள். தபால்தலை ஒட்டிய உறையோடு பஸ் ஏறித் தம்பானூரில் இறங்கி, அன்றைய தேதி முத்திரைக்காகத் தபாலாபீஸ் வரிசையில் நின்றது நான். "முத்திரை பாதி ஸ்டாம்புலயும் பாதி கவர்லயும் விழணும் மக்ளே. தேதி தெளிவா இருக்கணும்," என்று முந்தின வாரமே சொல்லிவிட்டுப் போவீர்கள். மெதுவாகக் குத்தச் சொல்லிக் கெஞ்சினால் கவுண்டர்காரர் எரிந்து விழுவார். "மோளே, இது கத்தோ கல்யாணக்குறியோ?" கடிதமா, கல்யாணப் பத்திரிகையா என்று மலையாளத்தில் கேலி.

நீங்கள் ஒரு ஃபிட்டர். "எம் பேரு பேப்பர்ல வராது. இந்தத் தேதிதான் எனக்கு சாட்சி," என்பீர்கள். அந்தத் தேதிகள் உறையோடு போய்விட்டன, அப்பா. சட்டத்துக்குள் ஒவ்வொரு தபால்தலையின் மூலையிலும் ஒரு வளைந்த மைக்கோடு மட்டும் மிச்சம்.

வந்தவர்கள் முன்னால் அவனைத் திட்டித் தீர்த்தேன். முகம் செத்துப்போய் நின்றான். "எனக்கு யாருக்கா சொல்லித் தந்தா?" என்றான். அதற்குப் பதில் உங்களிடம் இருக்கிறதா?

எல்லா உறையிலும் விலாசமாக அவன் பெயரைத்தான் எழுதச் சொன்னீர்கள். என் கையெழுத்தில் அவன் பெயர். "ஒன்னக் கெட்டிக் குடுத்தா வேற வீட்டுக்குப் போயிருவ. ஆல்பம் அவன்ட்ட இருக்கட்டும்." நான் போன வேறு வீடு கரமனையில் இருக்கிறது. நம் வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்தால் பத்து நிமிஷம். இத்தனை வருஷம் வரிசையில் நின்றவளுக்கு ஒரே ஒரு உறை அனுப்பத் தோன்றவில்லையே உங்களுக்கு.

புதிதாக ஒரு விண்வெளித் தபால்தலை வந்திருக்கிறது. வாங்கி உறையில் ஒட்டி வைத்திருக்கிறேன். அடுத்த ராக்கெட் கிளம்புகிற அன்று லீவு போட்டுவிட்டு வரிசையில் நிற்பேன். தம்பியையும் இழுத்துக்கொண்டு போவேன், முத்திரை எப்படி விழ வேண்டும் என்று அவனும் பார்க்கட்டும். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

விலாசத்தில் என் பெயரை எழுதிவிட்டேன். அனுப்புநர் இருக்கும் இடத்தில் உங்கள் பெயரை எழுதியிருக்கிறேன்.

வரிசையில் நின்ற உங்கள் மூத்த மகள்