காலைச் சீனி பற்றி பௌசியாவுக்கு

அலவத்துகொட
08.09.2024

அன்புள்ள பௌசியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

இது நான்தான், தாஸிம். வேறு யாரும் எழுதித் தரவில்லை. வாசிகசாலையில் ஜஹானா டீச்சர் பெரியவர்களுக்கு வகுப்பு எடுப்பதும், நான் அதற்குப் போவதும் உனக்குத் தெரியும். "இந்த வயசில என்னத்துக்கு எழுத்து? செத்த பொறகு கப்ருல கேள்வி கேக்க வாற மலக்குகளுக்குக் கடிதம் குடுக்கப் போறீங்களா?" என்று சிரித்தாய். பார், முதல் கடிதம் உனக்குத்தான் வருகிறது. அந்த வானவர்கள் காத்திருக்கட்டும்.

சிறு வயதில் அரபு ஓதிய பழக்கத்தில் கை வலப்பக்கத்திலிருந்தே தொடங்கப் பார்க்கிறது. அப்படியே சில தாள்கள் வீணாகிவிட்டன. உன் பெயருக்கு முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ஒரு துணையும் வேண்டும் என்று இத்தனை காலம் தெரியாமலே உன்னோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

ஃபோனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தை வைத்துவிட்டாலும் மிச்சத்தில் என்ன இருக்கிறதோ என்று மனம் கேட்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

பௌசியா, நான் இரவில் எதையும் சாப்பிடவில்லை. இடியப்பமும் பருப்பும் சாப்பிட்டால் அத்தோடு சரி. படுக்கும்போது சீனி பார்க்கும் மெஷினில் நூற்று நாற்பது காட்டுகிறது. காலையில் பார்த்தால் இருநூற்று முப்பது. இடையில் நான் வாயைத் திறந்தது குறட்டை விடத்தான். பிறகு எப்படி ஏறியது? எனக்கு விளங்கவே இல்லை. கிளினிக்கில் எடுத்தால் இவ்வளவு இல்லை, வீட்டில் எடுத்தால்தான் கூடுகிறது. அங்குள்ள நர்ஸ் மிஸ்ஸி, "கை கழுவிட்டா விரலக் குத்துற?" என்று கேட்டார். "மிஸ்ஸி, நான் கை, முகம் கழுவி வுழூ செஞ்சு, விடியச் சுபஹ் தொழுதிட்டுக் குத்துற ஆள். இந்த ஊரில இதவிடச் சுத்தமான கை ஈக்கிதா?" என்றேன். வரிசையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். மிஸ்ஸியும் விட்டுவிட்டார்.

ஆனால் நீ விடவில்லை. பக்கத்து வீட்டார் கேட்க, "களவாத் தின்னுட்டு என்னத்துக்குப் பொய் சொல்ற?" என்று சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு கம்பளைக்கு மகள் றுமைஸா வீட்டுக்குப் போய்விட்டாய். எனக்குச் சீனி வருத்தத்தைவிட அந்தச் சொல்தான் வருத்தம்.

காலையில் உனக்குத் தேயிலை போட்டுப் பிளேன்டி ஊற்றி, கருப்பட்டி உடைத்து வைக்கும் வேலை இல்லாமல் கை சும்மா இருக்கிறது. வந்துவிடு.

உன்
தாஸிம்


கம்பளை
14.09.2024

றுமைஸாவின் வாப்பாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம்.

கடிதம் கிடைத்தது. முதலில் ஜஹானா டீச்சர் எழுதித் தந்ததென்றே நினைத்தேன். பிறகு எழுத்தைப் பார்த்தேன். கோழி கிண்டிய முற்றம் மாதிரி இருந்தது. அதனால் நம்பினேன். மகளும் பார்த்தாள். 

ஆனால் எழுத்தை நம்புவது வேறு, எழுதியதை நம்புவது வேறு. கிளினிக்குக்குப் போகும் முதல்நாள் வாயைக் கட்டுகிறீர்கள், அதனால் அங்கே குறைகிறது. இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது? ஒரு கருப்பட்டிக் கட்டியை நான் ஒருத்தி தின்றால் எத்தனை நாளைக்கு வரும் என்று எனக்குத் தெரியாதா?

என் கூடப் பிறந்த நானாவும் சத்தியம் செய்தவர்தான். கட்டிலுக்கு அடியில் பிஸ்கட் டின்னை வைத்துக்கொண்டே சத்தியம் செய்தார். கண்டி ஆஸ்பத்திரியில் சீனியால் அவர் காலை வெட்டி எடுத்த அன்று வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தது நான். இன்னொரு முறை அந்த வாங்கில் உட்கார என்னால் ஆகாது. கோபத்தில் வந்தேன் என்று நினைக்க வேண்டாம். பயத்தில் வந்தேன்.

குளிசையை நேரத்துக்குப் போடுங்கள். பாதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பௌசியா


அலவத்துகொட
24.09.2024

அன்புள்ள பௌசியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெரிய சந்தோசம்! சீனி இறங்கிவிட்டது!

நீ போன பிறகு ஒரு நாளும் இருநூறைத் தொடவில்லை. நூற்று முப்பது, நூற்று ஐம்பது என்றுதான் காட்டுகிறது. மெஷின் பழுதோ என்று தட்டிப் பார்த்தேன். புது பேட்டரியும் போட்டேன். அப்போதும் அதேதான். சாப்பாடு மாறவில்லை, குளிசை மாறவில்லை. மிளகுத் தோட்டத்து வேலையும் அதே வேலை. புதிதாக நடந்தது ஒன்றே ஒன்று, எழுத்து. எழுத எழுத மூளை சீனியைத் தின்றுவிடுமோ என்று ஜஹானா டீச்சரிடம் கேட்டேன். "அப்பிடின்டா எனக்கு ஒடம்பில சீனியே ஈக்காதே" என்றார்.

காரணம் எதுவானாலும் அல்ஹம்துலில்லாஹ். நீயும் சந்தோசப்படுவாய் என்றுதான் உடனே எழுதுகிறேன். உடனே என்றால், தொடங்கி நாலாவது நாளில் முடிக்கிறேன்.

உன்
தாஸிம்


கம்பளை
29.09.2024

றுமைஸாவின் வாப்பாவுக்கு,

சந்தோசம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடிதத்தை நீங்களே ஒரு தடவை வாசித்துப் பார்த்தீர்களா?

நான் இங்கே வந்ததும் இறங்கிவிட்டதாம். வரும்போது மிச்சக் கருப்பட்டியை நான் கையோடு எடுத்து வந்துவிட்டேன். வீட்டில் கருப்பட்டி இல்லை. திருட ஒன்றும் இல்லாததால் சீனியும் இறங்கியது. நான் சொன்னதற்கு நீங்களே சாட்சி எழுதி, முத்திரையும் ஒட்டி அனுப்பியிருக்கிறீர்கள்.

அப்படி இல்லை என்றால் நான்தான் உங்கள் வருத்தம். நான் வீட்டில் இருந்தால் ஏறுகிறது, போனால் இறங்குகிறது. அப்போது நான் வராமலிருப்பதுதானே உங்களுக்கு நல்லது?

களவா, நானா? இரண்டில் எது என்று எழுதுங்கள்.

பௌசியா


அலவத்துகொட
05.10.2024

அன்புள்ள பௌசியாவுக்கு,

இரண்டும் இல்லை.

மூன்றாவது என்னவென்று எனக்குத் தெரியாது. உன் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். வாசிக்கத் தெரியாத காலம் எவ்வளவு நிம்மதி என்று முதல்முறை நினைத்தேன். களவு என்று எழுதினால் நீ வருவாய், ஆனால் அது பொய். நீ என்று எழுதினால் அதைவிடப் பெரிய பொய்.

சீனி குறைவாக இருக்கிறது. வீட்டில் சத்தமும் குறைவாக இருக்கிறது. முன்னதற்கு மட்டும் சந்தோசப்படத் தெரியவில்லை எனக்கு.

தாஸிம்


கம்பளை
11.10.2024

றுமைஸாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நேற்று இங்கே நடந்ததை எழுதுகிறேன். வாசித்துவிட்டு ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்காதீர்கள்.

மருமகனின் உம்மாவுக்கும் இந்தச் சீனி வருத்தம் இருக்கிறது. காலையில் அவர் குத்தும்போது, "உங்களுக்கும் ஒருக்காப் பாப்பமே" என்று மகள் என் விரலைப் பிடித்தாள். இருநூற்று அறுபது காட்டியது.  வாயில் பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லை. அப்போதுதான் பிளேன்டி ஊற்றி, கருப்பட்டி உடைத்துக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். இன்னும் குடிக்கவில்லை.

மகள் என்ன கேட்டாள் தெரியுமா? "உம்மா, உண்மையச் சொல்லுங்க, விடிய முந்தி களவா என்னத்தத் தின்ன?"

நான் அழுதுவிட்டேன். சத்தியமாக ஒன்றும் தின்னவில்லை என்றேன். சொல்லும்போதே உங்கள் குரல் மாதிரி எனக்குக் கேட்டது.

உடனே டவுனில் இரத்தம் பார்க்கும் இடத்துக்குப் போனோம். அங்கிருந்த பிள்ளை என் விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்ன உம்மம்மா, பிசுபிசுண்டு ஈக்கிது?" என்றது. சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைக்கச் சொல்லிக் குத்தியது. தொண்ணூற்று நாலு. விரலில் இனிப்பு ஒட்டியிருந்தால் மெஷின் அதையும் இரத்தத்தோடு சேர்த்து எண்ணிவிடுமாம்.

வரும் வழியில் நினைத்துப் பார்த்தேன். நீங்கள் வுழூ செய்வது சுபஹுக்கு முன்னால். எனக்குக் கருப்பட்டி உடைப்பது தொழுத பிறகு. அந்தக் கையோடுதான் குத்துகிறீர்கள். நான் இல்லாதபோது உடைக்க ஆளில்லை. கருப்பட்டிக் கட்டி சீக்கிரம் தேய்ந்ததும் வேறு எதனாலும் இல்லை, எனக்கு நீங்கள் எப்போதும் பெரிய துண்டாக வைப்பதால்தான்.

பக்கத்து வீட்டார் கேட்கச் சொன்ன சொல்லை அவர்கள் கேட்கவே திருப்பி எடுப்பேன். மாஃப் செய்யுங்கள்.

பௌசியா


அலவத்துகொட
18.10.2024

அன்புள்ள பௌசியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கடிதத்தைத் தபால்காரர் முன்னாலேயே நின்று வாசித்து முடித்தேன். அவர் போகாமல் நின்றார். "நல்ல செய்தியா ஹாஜியார்?" என்றார். நான் ஹஜ்ஜுக்குப் போனதே இல்லை, அன்றைக்கு மறுக்கத் தோன்றவில்லை.

இத்தோடு முடித்திருந்தால் நல்ல கடிதமாக இருந்திருக்கும். முடிக்க முடியவில்லை.

கிளினிக்கில் கேட்டு, இப்போது சவர்க்காரம் போட்டுக் கழுவி, துவாயால் துடைத்துவிட்டுத்தான் குத்துகிறேன். வீட்டில் கருப்பட்டி இல்லை. இரவில் ஒன்றும் சாப்பிடவில்லை. அப்படியிருந்தும் இந்தக் கிழமை காலையில் மறுபடி கூடுகிறது, நேற்று நூற்று எழுபது, இன்றைக்கு நூற்று அறுபத்தெட்டு. படுக்கும்போது குறைவுதான்.

மிஸ்ஸியிடம் காட்டினேன். விடியப் போகும்போது ஈரல் தானாகவே கொஞ்சம் சீனியை இரத்தத்தில் விடுமாம். ஆள் எழும்ப பலம் வேண்டும் என்று உடம்பு செய்யும் வேலையாம். சுகமான ஆளுக்கு அது அடங்கிவிடும், எங்களுக்கு அடங்காதாம். "அப்ப மிஸ்ஸி, பாங்கு சொல்ல முந்தியே எனக்குள்ள ஒருத்தன் கடையைத் திறக்கிறானா?" என்று கேட்டேன். "அப்பிடித்தான்" என்றார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் நடக்கச் சொன்னார். குளிசையை நானாகக் கூட்டக் குறைக்கக் கூடாதாம், டொக்டர் பார்த்துச் சொல்வாராம். எனக்குப் பாதி விளங்கியது. மீதி விளங்கியது போலத் தலையாட்டினேன்.

இந்த இலக்கங்களை எழுதாமல் விட்டிருக்கலாம். நீ வந்துவிடுவாய் என்று தெரியும். வந்த பிறகு காலையில் மெஷினைப் பார்ப்பாய். அதனால் இப்போதே எழுதுகிறேன். போன தடவை உன் விரலே எனக்குச் சாட்சி சொன்னது. இந்தத் தடவை சாட்சி இல்லை. நான் சாப்பிடவில்லை என்று நான் சொல்வது மட்டும்தான் இருக்கிறது. அது போதாது என்றால் மகள் வீட்டிலேயே இரு. போதும் என்றால் வா.

உன்
தாஸிம்


அலவத்துகொட
26.10.2024

அன்புள்ள பௌசியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நீ அடுப்படியில் இருக்கிறாய். நான் முன்னறைக் கதிரையில் இருந்து எழுதுகிறேன். "என்ன எழுதுற?" என்று நீ கேட்டதற்கு வகுப்பு வேலை என்றேன். அது மட்டும் பொய்.

என் கடிதத்துக்கு நீ பதில் எழுதவில்லை. நேற்று ஜும்ஆ முடிந்து வரும்போது கண்டிப் பக்கமிருந்து வந்த மாத்தளை பஸ்ஸிலிருந்து பையோடு இறங்கினாய். கடிதம் உன் கைக்கு வந்து சேர்ந்ததா, அதற்கு முன்பே புறப்பட்டுவிட்டாயா, எனக்குத் தெரியாது. கேட்கப் பயமாக இருந்தது. இரவெல்லாம் அதே யோசனை. ஈரலும் யோசித்திருக்கும் போல.

இன்று காலை கை கழுவிக் குத்தினேன். நூற்று எழுபத்திரண்டு. மறைப்பதற்கு முன் நீ வந்து நின்றாய். நீ மெஷினைப் பார்த்தாய். நான் உன் முகத்தைப் பார்த்தேன். இன்றைக்கு மெஷினைவிட அதை வாசிப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நீ சொன்னது இவ்வளவுதான்: "செவ்வாக்கெழம டொக்டர்ட்ட காட்டுவோம். இப்ப வாங்க, பிளேன்டி ஆறுது."

காட்டுங்கள் என்று சொல்லவில்லை. காட்டுவோம் என்றாய். கேட்டது சரிதானா என்று உன்னிடம் திருப்பிக் கேட்க வெட்கமாக இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

இதை உன் கையில் தர மாட்டேன். முத்திரை ஒட்டி, சந்தித் தபால் பெட்டியில் போடப் போகிறேன். தபால்காரர் நம் வாசலில் நின்று உன் பெயரைக் கூப்பிடும்போது, நீ எழும்பிப் போவதை நான் இந்தக் கதிரையிலிருந்து பார்க்க வேண்டும்.

உன்
தாஸிம்